ஆஸ்பென் கோடை இசை விழா: வாத்தியத்தோடு மலையேறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் கலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே உள்ள ஆஸ்பெனில் 1949 முதல் கோடைதோறும் மேற்கத்தியச் செவ்வியல் இசை விழா நடக்கிறது, இசைப்பள்ளியும் கூடவே. ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஏறத்தாழ எட்டு வாரம். அங்கே படிக்கவும் வாசிக்கவும் இடம் கிடைத்தவர்கள் மாதக்கணக்கில் உருப்படிகளைச் சாதகம் செய்துவிட்டு, ஊரின் உயரத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். சுமார் 8,000 அடி. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஈரப்பதமும் குறைவு.

சென்னை மாதிரி கடலோர ஊரிலிருந்து போகும் வயலினுக்கு இது பெரிய அதிர்ச்சி. மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். முதலில் தந்தியை முறுக்கும் பிரடைகள் நழுவும். கோபத்தில் பிரடையை உள்ளே அழுத்தித் திருகுவதுதான் முதல் தவறு, பிரடைப்பெட்டியே பிளந்துபோகும். பிரடைக்கென்று விற்கும் பசைக்கட்டியைக் கொஞ்சம் தடவினால் போதும். அடுத்து, வாசிக்கும்போது 'ஸ்ஸ்ர்ர்' என்று ஓர் இரைச்சல் வரும். பலகையும் பக்கச்சட்டமும் சேரும் மூட்டு விட்டிருக்கலாம். பயப்பட வேண்டாம்: மரம் வெடிப்பதற்கு முன் மூட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் அதை லேசான வஜ்ஜிரத்தால் (விலங்குத் தோல் பசை) ஒட்டுகிறார்கள். அதை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிவிட்டால் அடுத்த தடவை மரம்தான் பிளக்கும். வயலின் செய்பவரிடமே கொண்டுபோக வேண்டும்.

பெட்டிக்குள் ஈரமானி ஒன்று வையுங்கள். 40 முதல் 60 சதவீதம் நல்லது. குறைந்தால், வாத்தியத்துக்கு ஈரம் கொடுக்க விற்கும் ஈரக்குழாயை நனைத்து, நன்றாகப் பிழிந்து, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு வயலினுக்குள் விட வேண்டும். சொட்டுகிற குழாய் உள்ளே தண்ணீரை விடும். அது வறட்சியைவிட மோசம்.

வில்லை யாரும் கவனிப்பதில்லை. வறண்ட காற்றில் குதிரை முடி குறுகும். வாசித்து முடித்துத் திருகை முழுக்கத் தளர்த்தினாலும் முடி விறைப்பாகவே நிற்கும், வில்லின் முனை முறியலாம். மலை ஊருக்குப் போகிறோம் என்று சொல்லி, கிளம்பும் முன்பே முடியைச் சற்று நீளமாகப் போட்டுக்கொள்வது நல்லது.

நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதும் ஓபோ, பசூன் வாசிப்பவர்களுக்கு வேறு தலைவலி. கடலோரத்தில் கச்சிதமாகப் பேசிய சீவாளி, அங்கே போனதும் கட்டையாகிவிடும். அடக்கி ஊத வராது, மெல்லிய சுரம் எடுபடாது. வீட்டில் சீவி முடித்த பத்துச் சீவாளிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவது வீண்வேலை. சீவாத நாணலும் பாதி சீவியவையும் எடுத்துப்போய், அங்கேயே உட்கார்ந்து மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவும் கத்தி கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்; சரக்குப் பெட்டியில் போடுங்கள்.

விமானத்தில் வேறு சில சங்கடங்களும் உண்டு. வயலின் தந்திகளை முழுக்கத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் சாய்ந்துவிடும். அரைச் சுரம் இறக்கினால் போதும். அமெரிக்க விதிப்படி சிறிய வாத்தியத்தைக் கூடவே கொண்டுபோகலாம், ஆனால் ஏறும் நேரத்தில் மேல்தட்டில் இடம் இருந்தால்தான். கடைசியாக ஏறுவது வேண்டாம். செல்லோவுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பழைய வில்லின் முனையில் தந்தம் இருந்தால், அனுமதித் தாள்கள் இல்லாமல் எல்லை கடக்க முயலாதீர்கள். வேறு வில்லை எடுத்துப்போவதே நிம்மதி.

பாடகர்களும் ஊதுபவர்களும் வந்த அன்றே முழு ஒத்திகை செய்யக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, தூக்கமின்மை, மூச்சு வாங்குதல் சகஜம். ஒரே மூச்சில் பாடிப் பழகிய நீண்ட வரிகளில் கூடுதலாக ஒரு மூச்சுக்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள். கச்சேரியன்று மேடையில் தேடக் கூடாது.

கேட்க மட்டும் போகிறவர்களுக்கு: 2000-இல் திறந்த, விழாவின் முக்கிய அரங்கான பெனடிக்ட் மியூசிக் டென்ட்டுக்கு வெளியே புல்வெளியில் உட்கார்ந்து இலவசமாகக் கேட்கலாம். மதியம் வானம் நீலமாக இருந்ததை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் மாலை நெருங்கும்போது திடீரென்று இடி மழை வரும். மழைக்கோட்டும், ஈரம் ஊறாத விரிப்பும், வெயில் சாய்ந்ததும் போட ஒரு ஸ்வெட்டரும் போதும்.