டிராயிங்கில் பி.எஸ்.ஐ., கேஜில் கிலோ: அழுத்த அலகை மாற்றும் முறை

பழைய அமெரிக்க டிராயிங்கில் அழுத்தம் பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) இருக்கும். ஷாப்பில் தொங்கும் கேஜ் கி.கி./செ.மீ.² காட்டும், அதைத்தான் எல்லோரும் ‘கிலோ’ என்கிறோம். புதிதாக வந்த சேஃப்டி வால்வின் தகட்டில் பார் என்று இருக்கும். மூன்றும் ஒரே பைப்லைனில் சேரும்போதுதான் தவறு நடக்கிறது. பெருக்கலில் தவறுபவர்கள் குறைவு. எதிலிருந்து அளந்த அழுத்தம் என்று கேட்காததும், கிடைத்த எண்ணை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று யோசிக்காததும்தான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம்.

எந்த அலகாக இருந்தாலும் முதலில் கிலோபாஸ்கலுக்குக் கொண்டுவாருங்கள், அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போங்கள்.

1 பி.எஸ்.ஐ. = 6.894757 கிலோபாஸ்கல்
1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.504 பி.எஸ்.ஐ.
1 கி.கி./செ.மீ.² = 98.0665 கிலோபாஸ்கல் = 14.223 பி.எஸ்.ஐ.
1 மெகாபாஸ்கல் = 1 நியூட்டன்/மி.மீ.² = 145.04 பி.எஸ்.ஐ.
1 அங்குலப் பாதரசம் = 3.386 கிலோபாஸ்கல்
1 அங்குல நீர் = 25.4 மி.மீ. நீர் = 249 பாஸ்கல்

பாரும் கிலோவும் ஒன்றுதான் என்று பேச்சில் சொல்வது வழக்கம். வித்தியாசம் 2 சதவீதம். டயருக்குக் காற்றடிக்க அது பொருட்டில்லை. சேஃப்டி வால்வு செட் செய்யும்போது பொருட்டு.

ஒரு ஹைட்ரோ டெஸ்ட்டை, அதாவது லைனில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனையை, எடுத்துக்கொள்வோம். சாதாரண வெப்பநிலையில் ஓடும் கார்பன் ஸ்டீல் லைன், டிசைன் பிரஷர் 150 பி.எஸ்.ஐ. கேஜ் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள அளவு). பைப்பிங் விதிநூலான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 கேட்பது அதைப்போல் 1.5 மடங்கு. முதலில் மூல அலகிலேயே பெருக்குங்கள்: 225 பி.எஸ்.ஐ. பிறகு மாற்றுங்கள்: 1551 கிலோபாஸ்கல், அதாவது 15.51 பார் அல்லது 15.82 கிலோ. முழுமையாக்குவது கடைசியில், ஒரே ஒரு முறைதான். ‘150 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 10 கிலோ’ என்று முதலிலேயே சுருக்கி 1.5ஆல் பெருக்கினால் 15 கிலோ வரும். அது 213 பி.எஸ்.ஐ.தான். டெஸ்ட் செல்லாது, தண்ணீரை மறுபடி நிரப்ப வேண்டியதுதான்.

15.82 என்பது குறைந்தபட்சம் எட்ட வேண்டிய அளவு. ஆகவே மேல்நோக்கி 16 என்று எழுதுங்கள். சேஃப்டி வால்வுக்கு இது நேர்மாறு: 150 பி.எஸ்.ஐ. என்பது தாண்டக்கூடாத எல்லை, 10.34 பார். அதை 10.5 என்று எழுதினால் எல்லை மீறிவிட்டது, 10.3 என்று எழுதுங்கள்.

அந்த 16 கிலோ லைனின் உச்சியில் இருக்க வேண்டும். கேஜ் தரையிலும் உச்சி 12 மீட்டர் உயரத்திலும் இருந்தால், நடுவிலுள்ள நீரின் எடை மட்டும் 1.2 கிலோ. எனவே கீழே கேஜ் 17.2 காட்ட வேண்டும். கீழே 15.82இல் நிறுத்தினால் உச்சிக்குக் கிடைப்பது 14.62 கிலோ, வெறும் 208 பி.எஸ்.ஐ. கீழ்மட்டத்தில் உள்ள வால்வும் கேஸ்கெட்டும் 17.2ஐத் தாங்குமா என்பதையும் முன்பே பாருங்கள்.

கேஜின் ரேஞ்ச் டெஸ்ட் பிரஷரைப்போல் இரண்டு மடங்கை ஒட்டி இருப்பது நல்லது. இங்கே 0–40 கிலோ பொருந்தும். துல்லிய வகுப்பு 1.6 என்றால் முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது 0.64 கிலோ கூடக் குறைய இருக்கலாம். அப்படிப்பட்ட கேஜை வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டில் 17.203 என்று எழுதுவதில் பொருளே இல்லை. வகுப்பு 1.0, 150 மி.மீ. டயல் கேட்டு வாங்குங்கள். இறக்குமதி கேஜில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அரை அங்குல என்.பி.டி. (அமெரிக்க பைப் மரை), பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை) இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. நாலு சுற்று நன்றாக ஏறும், அழுத்தம் கொடுத்ததும் கசியும்.

அடுத்தது கேஜா, அப்சல்யூட்டா என்பது. கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்திலிருந்து அளப்பது, அப்சல்யூட் முழு வெற்றிடத்திலிருந்து அளப்பது. பைப்பின் வலிமைக்குக் கேஜ் அழுத்தம் போதும். வாயுவின் அடர்த்தி, கம்ப்ரஸர் கணக்கு என்று வந்தால் அப்சல்யூட்தான் வேண்டும். 100 பி.எஸ்.ஐ. கேஜை 689.5 கிலோபாஸ்கல் என்று அப்படியே வாயுச் சமன்பாட்டில் போட்டால், அடர்த்தி சுமார் 13 சதவீதம் குறைவாக வரும். கடல்மட்டத்தில் 101.3 கூட்டி 790.8 என்று போட வேண்டும். இரு புள்ளிகளுக்கு இடையிலான அழுத்த வித்தியாசத்துக்கு மட்டும் இதைக் கூட்டவே கூடாது.

வேக்குவத்தில் இடமும் கணக்கில் வரும். 28 அங்குல வேக்குவம் (வெளிக்காற்றைவிட 28 அங்குலப் பாதரசம் குறைவு) என்றால் சென்னையில் மிஞ்சுவது ஏறக்குறைய 6.5 கிலோபாஸ்கல் அப்சல்யூட். ஊட்டியில் காற்றழுத்தமே சுமார் 77 கிலோபாஸ்கல்தான்; அங்கே எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் கேஜ் 23 அங்குலத்தைத் தாண்டாது. பம்பைக் குறை சொல்லிக் கழற்றாதீர்கள்.

எண்ணைப் பார்த்ததுமே மாற்றிவிடக்கூடாத இடமும் உண்டு. ஃபிளாஞ்சில் ‘கிளாஸ் 150’ என்று அச்சிட்டிருப்பது 150 பி.எஸ்.ஐ. அல்ல; அது வகுப்பின் பெயர். ஏ105 கார்பன் ஸ்டீலில் அதன் தாங்குதிறன் 38 டிகிரி செல்சியஸில் 285 பி.எஸ்.ஐ., அதாவது 19.6 பார். வெப்பம் ஏறினால் அது குறையும். அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மாற்றிய எண்ணைத் தகட்டிலோ ரிப்போர்ட்டிலோ எழுதும்போது அலகு, கேஜா அப்சல்யூட்டா என்பது, மூல எண் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்: ‘15.6 பார் கேஜ் (மூலம் 225 பி.எஸ்.ஐ. கேஜ்)’.