டிமிக்கி கொடுப்பவனை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

ஞாயிறு காலை 6 மணிக்கு வேளச்சேரியில் விளையாட டர்ஃப் (வாடகை மைதானம்) புக் பண்ணியாச்சு. 8 பேரில் ஒருத்தன் மட்டும் "தோ வந்துட்டேன் மச்சி" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு போனை அணைத்துவிட்டான். இதைச் சொல்லச் சொன்னால், என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிப்பவர்களில் பாதிப் பேர் "ஹி சீட்டட் அஸ்" என்பார்கள். 'ஏமாத்திட்டான்' என்பது மனதில் ஓடுவதால் வரும் வினை. கேட்கிற வெளிநாட்டுக்காரர், காசை அடித்துக்கொண்டு போய்விட்டான் என்றே நினைப்பார்.

படி 1: அவன் என்ன செய்தான் என்று முதலில் தமிழில் பிரித்துக்கொள்ளுங்கள். வரவே இல்லையா, வந்தும் ஓபி அடித்தானா, முயற்சி செய்தும் முடியவில்லையா? மூன்றுக்கும் வேறு வேறு சொல்.

படி 2: கடைசி நேரத்தில் கழன்றுகொள்பவன் 'ஃப்ளேக்'. அமெரிக்கப் பேச்சுவழக்கு இது. ஆளின் குணத்தைச் சொல்ல, "ஹி ஈஸ் ஃப்ளேக்கி". நடந்ததைச் சொல்ல, "ஹி ஃப்ளேக்ட் ஆன் அஸ்". அந்த 'ஆன்' முக்கியம். நம்மைக் கழற்றிவிட்டான் என்ற பொருளைத் தருவதே அதுதான். பிரிட்டன்காரரிடம் 'ஃப்ளேக்ட் அவுட்' என்றால், அசதியில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான் என்று புரிந்துகொள்வார். அங்கே "ஹி லெட் அஸ் டவுன்" என்பதே பத்திரம். சொல்லாமல் வராமலே போனவன் 'நோ-ஷோ'. ஓட்டல், விமான முன்பதிவுகளிலும் இதே சொல்தான்.

படி 3: ஓபி அடிப்பவன் 'ஸ்லாக்கர்'. பிரிட்டனில் 'பேசஞ்சர்' என்றும் சொல்வார்கள்: மற்றவர்கள் துடுப்புப் போட, இவன் சும்மா உட்கார்ந்து வருகிறான். ஆட்டம் முடிந்து பிரியாணி சாப்பிட மட்டும் வந்து, பங்குக் காசு கேட்டால் நழுவுபவன் 'ஃப்ரீலோடர்'.

படி 4: 'வீக் லிங்க்' என்பதைக் கவனமாகக் கையாளுங்கள். சங்கிலியில் பலமில்லாத கண்ணி என்று பொருள். உண்மையாக உழைத்தும் திணறுகிறவரைக்கூட இது குறிக்கும். நேரில் சொன்னால் மனசு உடைந்துபோகும். 'லூஸ் கேனன்' வேறு ரகம். கப்பல் தளத்தில் கட்டு அவிழ்ந்து உருளும் பீரங்கி போல, எப்போது என்ன பேசி வம்பில் மாட்டிவிடுவானோ என்று பயப்பட வைப்பவன். வராதவனுக்கு இது பொருந்தாது.

படி 5: ஆபீஸ் மெயிலில் இவை எதுவும் வேண்டாம். "ஹி ஹாஸ் மிஸ்ட் த்ரீ மீட்டிங்ஸ்" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

இப்போது வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள்: "ஹி ஃப்ளேக்ட் ஆன் அஸ் அகெய்ன்."