கழுவாமல் திறங்கள்: பழைய ஸ்டில் 070 செயின்சாவை ஓட வைப்பது

கூடலூர், வால்பாறை பக்கம் பழைய எஸ்டேட் குடோன்களில் துழாவினால் பெயிண்ட் உரிந்த ஸ்டில் 070 ஒன்றாவது கிடைக்கும். சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் அறுத்து ஓய்ந்த மெஷின். 58 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 40 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 106 சிசி. நம்மூர் 100 சிசி பைக்கைவிடக் கொஞ்சம் பெரிய இன்ஜினைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. 1959-ல் ஸ்டில் கம்பெனி விட்ட காண்ட்ரா மாடலின் வழியில் வந்தது இது. ஸ்பேர் இன்னும் கிடைக்கிறது, அதனால் தூக்கிப் போட வேண்டியதில்லை.

என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மெஷினை டீசலில் குளிப்பாட்டி, ஆரஞ்சு ஸ்ப்ரே அடித்து, புது பிளக் போட்டு, "இழுத்தா மட்டும் எடுக்க மாட்டேங்குதுண்ணே" என்று கொண்டுவருகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நின்றுபோன மெஷின் எதனால் நின்றது என்பது அதன் அழுக்கில்தான் இருக்கிறது. அதைக் கழுவிவிட்டு என்னிடம் காரணம் கேட்டால் நான் எங்கே போவேன்?

முதலில் வெளியே பாருங்கள். கிராங்க் கேஸில் எல்லா இடமும் காய்ந்த தூள், ஒரு இடம் மட்டும் ஈரமாக எண்ணெய் கசிந்திருந்தால் அங்கே கேஸ்கெட்டோ சீலோ போயிருக்கிறது. கிளட்ச் பக்கம் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களியாக இருப்பது சாதாரணம். மேக்னெட் (பிளக்குக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கம் அப்படி இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள்.

அடுத்து சைலென்சர். கழற்றி, பிளக்கையும் எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனைக் கீழே இறக்குங்கள். எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக டார்ச் அடித்து சிலிண்டர் சுவரைப் பாருங்கள். பிறகு பிஸ்டனை மேலே ஏற்றி அதன் பக்கவாட்டைப் பாருங்கள். நல்ல பிஸ்டனில் இயந்திரம் கடைந்த மெல்லிய வரிகள் குறுக்காகத் தெரியும். நெடுக்காகக் கீறல் இருந்தால் அது எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தால் ஆயில் குறைவு, அல்லது பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிடித்திருக்கிறது. கார்ப்ரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி உள்ளே போயிருக்கிறது. முதல் வகைக்குக் காற்றுக் கசிவையும் கார்ப்ரேட்டரையும் தேட வேண்டும். இரண்டாவது வகைக்கு ஃபில்டரையும் அதன் உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு பிஸ்டனை மட்டும் மாற்றினால் புது பிஸ்டனும் அதே வழியில் போகும்.

சிலிண்டரில் தெரியும் கீறல் பல சமயம் கீறலே இல்லை. பிஸ்டனின் அலுமினியம் உருகி அப்பியிருக்கும். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் காது குடையும் பஞ்சில் தொட்டு அந்த அப்பல்மேல் மட்டும் வையுங்கள். அலுமினியம் இருக்கும்வரை நுரைக்கும், தீர்ந்ததும் அடங்கும். சிலிண்டரைக் கழற்றி வைத்து, வெளியில், கையுறை கண்ணாடியோடு செய்யுங்கள். போர்ட் ஓரத்தில் ஆசிட் வழிந்தால் சிலிண்டரையே தின்னும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். நகம் வைத்து இழுத்துப் பாருங்கள். அப்போதும் நகம் சிக்கினால் உள்பூச்சு போய்விட்டது, சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும்.

கழுவ வேண்டிய நேரம் இப்போதுதான். மண்ணெண்ணெய், பழைய பிரஷ், பனியன் வேஸ்ட் போதும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், ஆசிட் மெக்னீசியத்தை அரிக்கும். இந்த மெஷினின் பாடி மெக்னீசியம் கலப்பு. அதைக் கிரைண்டரில் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் எரியும்.

கிளட்சைக் கழற்ற பிஸ்டனை நிறுத்த வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஸ்டார்ட்டர் கயிறு ஒரு முழம் உள்ளே தள்ளுங்கள், பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஓட்டையைத் தாண்டி மேலே வந்த பிறகு. இல்லாவிட்டால் போர்ட் விளிம்பு கயிற்றை நறுக்கும். பெரும்பாலான செயின்சாவில் கிளட்ச் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அம்புக்குறி பார்க்காமல் பலத்தைக் காட்டாதீர்கள். மேக்னெட்டுக்குப் புல்லர் உண்டு. சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணும்.

பழைய 070-ல் மேக்னெட்டுக்கு அடியில் பாயிண்ட் இருக்கும், பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் தொடுமுனை. பல மெஷின்கள் வெறும் பாயிண்ட் துருவால்தான் படுத்திருக்கின்றன. மெல்லிய அரத்தால் ஒரு தடவை இழுத்து, வெள்ளைக் காகிதத்தை இடையில் வைத்துக் கறை வராதவரை துடையுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ., பிளக்குக்கு 0.5 மி.மீ. பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் இருந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

இனி நான் விடாப்பிடியாக நிற்கும் வேலை, காற்றுக் கசிவுச் சோதனை. கடையில் விற்கும் டெஸ்டர் இல்லாவிட்டால் பிபி பார்க்கும் கருவியின் பல்பும் மீட்டரும் போதும். அந்த மீட்டர் 300-ல் காட்டுவது ஏறக்குறைய 0.4 பார். ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, அதில் பித்தளை நிப்பிள் வைத்து ஊதிப் பற்றவைத்தால் அடாப்டர் தயார். எக்ஸாஸ்டுக்குச் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து மூடுங்கள். கார்ப்ரேட்டர் உட்காரும் இடத்தையும் அப்படியே, பக்கத்தில் இருக்கும் சின்ன இம்பல்ஸ் ஓட்டையையும் (கார்ப்ரேட்டர் பம்பை இயக்கும் காற்று வழி) சேர்த்து. பிஸ்டன் கீழே இருக்கட்டும். 250 வரை ஏற்றி அரை நிமிடம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டும்.

முள் நின்றது என்று எழுந்துவிடக் கூடாது. ஆயில் சீலின் (கிராங்க் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்) உதடு உள்நோக்கி இருப்பதால், உள்ளே அழுத்தம் கொடுத்தால் அது ஷாஃப்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போதுதான் விடும். கை வேக்கம் பம்பால் உறிஞ்சியும் பாருங்கள். சீல் விலை பிஸ்டன் செட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. பத்து, இருபது வருடம் கிடந்த மெஷினுக்குக் கேட்காமலே இரண்டு பக்கமும் மாற்றிவிடுவேன்.

கார்ப்ரேட்டர் டில்லட்சன் எச்.எல். வகை. டயாப்ரம், கேஸ்கெட், ஊசி சேர்ந்த கிட் போடுங்கள். விறைத்துப்போன டயாப்ரத்தைத் தடவினால் உலர்ந்த இலைச் சத்தம் கேட்கும், அதை மறுபடி மாட்டாதீர்கள். டேங்க் பைப்பையும் உள்ளே கிடக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பரை ஊதவைக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மி.லி., அதாவது 25-க்கு 1.

மார்க்கெட்டில் காப்பி ஸ்பேர் மலிவாகக் கிடைக்கிறது. ரப்பர், கேஸ்கெட், கயிறு வாங்கலாம். பிஸ்டன், பேரிங், சர்க்லிப் மட்டும் நல்லதாகப் போடுங்கள். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு எக்ஸாஸ்டைப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது, கார்ப்ரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு ஊசித் திருகையும் முழுக்க மூடி, தலா ஒரு சுற்று திறந்தால் எடுக்கும். மெஷினைத் தரையில் வைத்து, கைப்பிடிக்குள் காலை வைத்து அழுத்தி இழுங்கள். இந்தக் கம்ப்ரெஷன் கயிற்றைத் திருப்பி இழுத்தால் விரல் வீங்கும். முழு ஆக்ஸிலேட்டரில் கொஞ்சம் தடதடவென்று திக்கி ஓட வேண்டும், மரத்தில் இறங்கியதும் சத்தம் தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே கிறீச்சென்று கத்தினால் பெட்ரோல் போதவில்லை. முழு வேகத்துக்கான ஊசியைக் கொஞ்சம் திறங்கள்.

செயின் பெரும்பாலும் .404 இன்ச் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு). தீட்ட உருண்டை அரம் 5.5 மி.மீ., பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு பல்லைவிட 0.8 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பாருக்கு (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பழைய இன்ஜின் ஆயில் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள், அதிலிருக்கும் இரும்புத்தூள் பம்பைத் தின்றுவிடும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு வெட்டிய கட்டைமேல் பிடித்து முறுக்குங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செயின் பிரேக் 1970-களில்தான் செயின்சாக்களில் வரத் தொடங்கியது. பழைய 070-ல் அது இல்லை. பார் நுனி எதிலாவது பட்டு மெஷின் முகத்துக்கு எகிறினால் நிறுத்த எதுவும் கிடையாது. சரிசெய்து கொடுத்த 070-ஐத் தரையில் கிடக்கும் கட்டை துண்டுபோட மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், மரம் ஏறுகிறவரிடம் கொடுக்கவே கூடாது. மலையில் மரம் வெட்ட 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேறு வாங்க வேண்டும், அது மெஷினைவிடப் பெரிய வேலை.

முதல் டேங்க் தீர்ந்ததும் ஆறவிட்டு சிலிண்டர் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் மறுநாள் வேலைக்கு எடுக்காமல் கசிவுச் சோதனைக்குத் திரும்புங்கள்.