ரொறன்ரோவில் முதல் வாடகை வீடு: விலையோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை

ஊரில் இருந்து வந்து இறங்கியவுடன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இங்கே வாடகை எவ்வளவு போகுது?" பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். ஸ்காபரோவில் இருபது வருடமாக ஒரே பில்டிங்கில் இருக்கிற பெரியம்மா, இரண்டு அறை வீட்டுக்கு 1,400 டொலர் கட்டுகிறேன் என்பார். போன மாதம் வீடு எடுத்த தம்பி, ஓர் அறை வீட்டுக்கே 2,300 என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிட்டால், ரொறன்ரோ வாடகைச் சந்தை பாதி விளங்கின மாதிரி.

ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறைதான் வாடகை கூட்டலாம். அதையும் 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொதுவாக மாகாண அரசு சொல்கிற வீதத்துக்கு மேலே போகக் கூடாது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் அது 2.5 வீதம். 2026க்கு 2.1 வீதம். ஆனால் இருந்தவர் வெளியேறி வீடு காலியானால், அடுத்து வருகிறவரிடம் வீட்டுக்காரர் என்ன விலையும் கேட்கலாம். பெரியம்மாவின் வாடகை பழைய விலையில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறியது. உங்களுடையது இன்றைய விலையில் தொடங்கும்.

இதனால்தான் "சராசரி வாடகை" என்று கேள்விப்படும்போது எந்தச் சராசரி என்று பார்க்கச் சொல்கிறேன். சி.எம்.எச்.சி என்ற மத்திய அரசின் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் வருடா வருடம் கணக்கெடுக்கிறது. வாடகைக்கென்றே கட்டிய பில்டிங்குகளில் இரண்டு அறை வீட்டின் சராசரி 2,000 டொலரை ஒட்டி நிற்பதாக அதில் வரும். அந்தக் கணக்கில் பெரியம்மாவும் இருக்கிறார். விளம்பரத்தில் இன்று கேட்கிற விலையின் சராசரி வேறு, அது நன்றாக மேலே நிற்கும். புதிதாக வருகிறவர் இரண்டாவதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கேட்கிற விலை சில வருடங்களாக ஏறி இறங்கியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் விழுந்து, 2022இல் பாய்ந்து, 2023 இலையுதிர் காலத்தில் ஓர் அறை வீடு 2,600 டொலரைத் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கி, 2025இல் 2,300 பக்கம் வந்தது. காரணம் ஒன்றல்ல. 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் நிரந்தரக் குடியேற்ற இலக்கை 500,000இல் இருந்து 2025க்கு 395,000ஆகக் குறைத்தார்கள். மறுபக்கம், வட்டி குறைவாக இருந்த காலத்தில் விற்றுத் தீர்ந்த கொண்டோக்கள், அதாவது தனித்தனியாகச் சொந்தமாக விற்கிற அடுக்குமாடி வீடுகள், எல்லாம் கட்டி முடிந்து ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் விற்க முடியாமல் வாடகைக்கு விட்டார்கள். ஆட்கள் குறைய, வீடுகள் கூடின.

ஆகவே, சொன்ன விலைக்கு உடனே தலையாட்டாதீர்கள். பேரம் பேசுவது இங்கே கூச்சப்படுகிற விஷயமில்லை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீடு மாறுகிறவர்கள் குறைவு, அப்போது பேசினால் பலன் கூட. மே முதல் செப்டம்பர் வரை போட்டி கடுமை.

விலை இறங்குகிற காலத்தில் "ஒரு மாதம் இலவசம்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். 2,400 டொலர் வீட்டுக்கு ஒரு மாதம் இலவசம் என்றால், வருடத்துக்குப் பரவலாக மாதம் 2,200 விழும், நல்லதுதான். ஆனால் அடுத்த வருடம் கூட்டும்போது அவர்கள் 2,400இன் மேல்தான் கூட்டுவார்கள். முடிந்தால் இலவச மாதத்தை விட்டுவிட்டு, மாத வாடகையையே 2,200 என்று லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிற கேள்வி: "இந்த வீட்டில் முதன்முதலாக ஆட்கள் குடிவந்தது எப்போது?" 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த வீடுகளுக்கு, மேலே சொன்ன வீத எல்லை கிடையாது. புத்தம் புதுக் கொண்டோக்கள் அப்படித்தான். அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாகப் பிரித்துக் கட்டிய பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தள) வீடுகள் பலவும் அதில் அடங்கும். 90 நாள் அறிவித்தல் கொடுத்து 2,200ஐ 2,600 ஆக்கினாலும் சட்டப்படி சரி. பழைய பில்டிங்கில் அதே வாடகைக்கு 2.1 வீதம் என்றால் 46 டொலர்தான் கூடும். பளபளப்பான கொண்டோவும், தரைவிரிப்பு கொஞ்சம் தேய்ந்த 1970களின் பில்டிங்கும் ஒரே விலையில் கிடைத்தால், பிள்ளைகளோடு சில வருடம் ஒரே பள்ளிக்கூட எல்லையில் இருக்க நினைக்கிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பேஸ்மென்ட் பற்றிச் சொல்லாமல் ஒரு தமிழ் வழிகாட்டி முடியாது. நம்மில் அனேகமானோர் அங்கேதான் தொடங்கினோம், நானும் அப்படித்தான். மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில், நம்மவர் ஒருவரின் வீடு. ஓகஸ்டில் போய்ப் பார்த்தபோது குளுகுளு என்று இருந்தது. ஜனவரியில்தான் தெரிந்தது, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்டாற் மேல்மாடியில். காலையில் மேலே எல்லோரும் வேலைக்குப் போகும்போது சூட்டைக் குறைத்துவிட்டுப் போவார்கள். கீழே என் மனைவியும் கைக்குழந்தையும். பிள்ளைக்குத் தொப்பி போட்டுத்தான் நித்திரையாக்கினோம். கேட்டால், "தம்பி, ஹைட்ரோ பில் ஏறுது" என்பார். இங்கே ஹைட்ரோ என்றால் தண்ணீர் இல்லை, மின்சாரம். அதைக்கூட அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சூடாக்குகிற பொறுப்பு வீட்டுக்காரருடையது, ரொறன்ரோ நகரத்தில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும், நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே பேஸ்மென்ட் பார்க்கப் போனால் தேர்மோஸ்டாற் எங்கே என்று முதலில் கேளுங்கள். யன்னலைத் திறந்து பாருங்கள். தீப்பிடித்தால் அதால் ஓர் ஆள் வெளியே போக முடியுமா? புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் இருக்கிறதா? மூலைச் சுவரின் அடியில் கையை வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் பனி உருகும் மாதத்தில் தண்ணீர் வரும். புதுப் பெயின்ற் மணம் பலமாக அடித்தால் இன்னும் கவனம்.

நம்மவர் வீடு என்றால் பேப்பர் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். 2018 ஏப்ரல் 30இல் இருந்து ஒன்ராறியோவில் மாகாண அரசின் ஒரே மாதிரியான லீஸ் படிவம்தான் பயன்படுத்த வேண்டும். வாடகையில் மின்சாரம், தண்ணீர், இணையம், பார்க்கிங், உடுப்புத் தோய்க்கிற மெஷின் எது சேரும், எது சேராது என்று அதில் ஒவ்வொன்றாகக் குறிக்க இடம் உண்டு. "எல்லாம் சேர்த்து 1,600" என்று வாயால் சொன்னது, மார்ச் மாதம் பில் வரும்போது மாறிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரருடன், அல்லது அங்கே வசிக்கிற அவருடைய துணை, பிள்ளை, பெற்றோருடன் பங்கிட்டால், வாடகைக்காரரைப் பாதுகாக்கிற சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அவர் போகச் சொன்னால், வீட்டுக்காரர் வாடகைக்காரர் பிணக்கைத் தீர்க்கிற மாகாண வாடகைச் சபைக்குப் போய் நிற்க முடியாது. தனி ஆளாக வந்து ஓர் அறை எடுக்கிற தம்பி தங்கச்சிமார் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அது போதும், குடும்பத்தைக் கூப்பிடுகிற நேரத்தில் வாசலும் குசினியும் தனியாக உள்ள வீடு தேவை.

முற்பணமாகச் சட்டப்படி வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். முதல் மாதத்தையும் அதையும் கொடுத்தால் முடிந்தது. உடைந்தால் திருத்துவதற்கு என்று தனியாக ஒரு வைப்பு கேட்கக் கூடாது. திறப்புக்கு வாங்கினால் அதன் உண்மை விலைதான், திருப்பித் தரவும் வேண்டும். புதிதாக வந்தவர்களிடம் கிரெடிட் (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு) இல்லை என்று சொல்லி ஆறு மாத வாடகையை ஒன்றாகக் கேட்கிறார்கள், அதைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கனடாவில் கிரெடிட் வரலாறு இல்லை என்பதையே காரணமாக வைத்துப் புதியவரை மறுக்கக் கூடாது என்பதே மாகாண மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. நடைமுறையில் உதவுவது வேலைக் கடிதம், வங்கிக் கணக்கின் விவரம், இங்கே வேலை செய்கிற ஓர் உறவினர் பொறுப்புக் கையெழுத்து வைப்பது. இவற்றை ஒரு கோப்பில் போட்டு, வீடு பார்க்கப் போகும்போதே கையில் கொண்டு போங்கள்.

ஊரில் இருந்துகொண்டே படம் பார்த்து யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் காசு. அதைக் காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது சட்டம். வரிப் படிவம் நிரப்பும்போது ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவு என்ற மாகாண உதவிப் பணத்துக்கு வாடகைக் கணக்கைக் காட்ட அது தேவைப்படும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அந்தப் பணம் சின்ன விஷயமில்லை.

லீஸோடு சேர்த்து என்-11 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்து வைக்க வேண்டாம். நீங்களாகவே இந்தத் தேதியில் வெளியேறச் சம்மதிக்கிறேன் என்பது அதன் பொருள். ஒரு வருட லீஸ் முடிந்தால் அது தானாகவே மாதத்துக்கு மாதம் தொடரும், வருடம் முடிந்தது என்பதற்காகப் போகத் தேவையில்லை.

தூரத்தையும் வாடகையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ரொறன்ரோவுக்கு வெளியே கிழக்கில் உள்ள ஏஜாக்ஸில் 200 டொலர் குறைவாகக் கிடைக்கலாம். அங்கே கார் இல்லாமல் சரிவராது, கார் காப்புறுதி அந்த 200ஐ விழுங்கிவிடும். ஸ்காபரோ நடுவில் ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு நின்றுபோனது. பழைய விளம்பரத்தில் "ரயிலுக்குப் பக்கம்" என்று இருந்தால், இப்போது அங்கே பஸ்ஸில்தான் கென்னடி நிலையத்துக்குப் போக வேண்டும். வேலை நேரத்தில் ஒருமுறை அந்தப் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

திறப்பு கையில் கிடைத்த அன்று, சாமான் ஏற்றுவதற்கு முன், வெறும் வீட்டைக் கைபேசியில் வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து, அடுப்பின் நான்கு சுவாலைகளையும் போட்டு, யன்னல் வலையில் உள்ள கிழிசலைக் கிட்டவாகக் காட்டி, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.