யூரியா கதையை இப்படிச் சொல்லாதீர்கள்

பெரம்பூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால், கரிம வேதியியல் தொடங்கும் பக்கத்தில் இந்த வரி கட்டாயம் இருக்கும்: '1828 – வோலர் யூரியாவைக் கண்டுபிடித்தார், உயிர்விசைக் கொள்கை ஒழிந்தது.' இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த ஒரே வரியில் இரண்டு பிழைகள். கல்லூரி செமினாரிலும் பேச்சுப் போட்டியிலும் அதே பிழைகள் மேடையேறும்போது மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

'கண்டுபிடித்தார்' என்பது முதல் பிழை. யூரியா ஏற்கெனவே தெரிந்த பொருள்தான். 1773-லேயே பிரான்ஸில் ருவெல் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார். ஜெர்மானிய வேதியியலர் வோலர் அதை ஆய்வகத்தில் தயாரித்தார். அப்படியே எழுதுங்கள்.

அடுத்தது பெரிய பிழை. உயிருள்ள உடலுக்குள் இருக்கும் தனி விசை ஒன்று இல்லாமல் கரிமப் பொருள்கள் உண்டாகா என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். வோலர் அம்மோனியம் சயனேட் தயாரிக்கப் போனார், கிடைத்தது யூரியா. மனிதனோ நாயோ வேண்டாம், சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்ய முடிகிறது என்று தன் குரு பெர்சிலியஸுக்குக் கடிதம் எழுதியதும் உண்மை. ஆனால் அவர் அச்சிட்ட சிறு கட்டுரையில் உயிர்விசையை வீழ்த்திவிட்டதாக எங்கும் சொல்லவில்லை. அவரை அசத்தியது வேறு விஷயம். இரண்டு பொருளிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஆனாலும் ஒன்று உப்பு, மற்றது யூரியா. 1830-ல் பெர்சிலியஸ் இதற்குத்தான் ஐசோமர் என்று பெயர் வைத்தார். நம் பாடப்புத்தகத்து மாற்றியம் அதுவே. என்னைக் கேட்டால் யூரியா கதையின் உயிர்நாடி இதுதான், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

உயிர்விசைக் கொள்கை ஒரே நாளில் சாகவும் இல்லை. சயனேட்டுக்கு மூலமான சேர்மங்களே அன்றைக்குக் கொம்பு, குளம்பு, ரத்தம் ஆகியவற்றிலிருந்துதான் வந்தன. சந்தேகப்பட இடம் இருந்தது. 1845-ல் கோல்பே கார்பன் டைசல்ஃபைடிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அசிட்டிக் அமிலம் வரை போனார். 1850-களில் பெர்த்தலோ ஒன்றன்பின் ஒன்றாகக் கரிமப் பொருள்களைத் தயாரித்துக் காட்டினார். 1897-ல் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாறே, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமல், சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். ஏறக்குறைய 70 வருட உழைப்பை ஒருவர் கணக்கில் எழுதுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பென்சீன் பற்றிப் பேசினால் பாம்புக் கனவோடு நிறுத்திவிடாதீர்கள். கெக்குலே வளைய அமைப்பை வெளியிட்டது 1865-ல். தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டதாகச் சொன்னது 1890-ல், பெர்லினில் நடந்த விழாவில். இடையே 25 வருடம். கார்பனின் இணைதிறன் நான்கு, அதாவது ஒரு கார்பன் அணு நான்கு பிணைப்புகள் போடும் என்று 1858-ல் அவர் எழுதிய அதே ஆண்டில் கூப்பரும் தனியாக அந்த முடிவுக்கு வந்தார். கூப்பர் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஊதாச் சாயம் தயாரித்த பெர்கினின் கதையில் 'தற்செயலாக' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. 1856-ல் 18 வயதுப் பையன், வீட்டு ஆய்வகத்தில் மலேரியா மருந்தான குயினினைத் தயாரிக்கப் பார்த்தான். அவன் எடுத்துக்கொண்ட சேர்மமான C10H13N-இன் மூலக்கூறு இரண்டு, ஆக்சிஜன் அணு மூன்று, இவை சேர்ந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறினால் C20H24N2O2, அதாவது குயினின். கணக்கு சரி. ஆனால் அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது. யூரியா சொன்ன அதே பாடம் மறுபடியும்! கிடைத்தது பழுப்புப் பொடி. அதோடு விடாமல் அனிலின் என்ற எளிய சேர்மத்தை வைத்துச் செய்தான். கறுப்புக் கசடு வந்தது. அதையும் கொட்டிவிடாமல் ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்ததால்தான் ஊதாச் சாயம் கிடைத்தது. பிறகு அதைத் துணியில் ஏற்றிச் சோதித்து, அதே ஆண்டில் காப்புரிமையும் வாங்கினான். அந்தச் சாயம் உண்டாகத் தேவைப்பட்ட டொலுயிடின் என்ற சேர்மம் அனிலினில் மாசாகக் கலந்திருந்தது தற்செயல்தான். மற்றதெல்லாம் அவன் உழைப்பு.

சாயத்தைப் பற்றிப் பேசும்போது, இண்டிகோ என்ற நீலச் சாயம் தரும் நம் அவுரிச் செடியை மறந்துவிடுகிறோம். ஜெர்மானிய வேதியியலர் பேயர் பல வருடம் பாடுபட்டு இண்டிகோவின் அமைப்பைக் கண்டறிந்தார். 1897-ல் ஜெர்மானிய பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் தென்னாற்காடு, கடப்பா பக்கம் அவுரி பயிரிட்டவர்களின் பிழைப்பும் இந்த வேதியியல் வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

முன்னோடி என்றால் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் என்று நினைப்பதும் தவறு. 1874-ல் 22 வயது வான்ட் ஹாஃப், கார்பனின் நான்கு பிணைப்புகள் நான்முகி என்ற நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின் மூலைகளை நோக்கி இருக்கின்றன என்றார். அவரைக் கடுமையாக ஏளனம் செய்தவர் மேலே சொன்ன அதே கோல்பே! 1901-ல் வான்ட் ஹாஃபுக்கு வேதியியலின் முதல் நோபல் பரிசு கிடைத்தது. அது நான்முகிக்காக என்று எழுதாதீர்கள். வேதிவினை வேகமும் சவ்வூடு பரவல் அழுத்தமும் பற்றிய ஆய்வுக்காக.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. இந்த வரலாறு ஜெர்மனியில் தொடங்கி இங்கிலாந்தில் முடிந்தது போலப் பேசுவது. மெரினா எதிரில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த இருவர், மான்செஸ்டர் போய் ஆங்கிலேய வேதியியலர் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவர் குளித்தலைக்காரர் டி. ஆர். சேஷாத்ரி, பூ, பழங்களுக்கு நிறம் தரும் ஃபிளேவனாய்டுகளை ஆராய்ந்து 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மற்றவர் சென்னையிலேயே பிறந்த கே. வெங்கடராமன், சாய வேதியியலில் பெரிய பெயர், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். அதே கல்லூரியில் பின்னாளில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, நம் ஊர்த் தாவரங்களில் இருக்கும் ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் சேர்மங்களை வருடக்கணக்காக ஆராய்ந்தவர்.

எம்.எஸ்ஸி. மாணவர்கள், ஃபிளேவனாய்டு வகையைச் சேர்ந்த ஃபிளேவோன் தயாரிப்பில் 'பேக்கர்–வெங்கடராமன் மறுசீரமைப்பு' என்று மனப்பாடமாக எழுதுவார்கள். அந்த வெங்கடராமன் இந்த ஊர்க்காரர் என்று போன வருடம் என் பழைய மாணவி ஒருத்தியிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவா சார்?" என்று இரண்டு முறை கேட்டாள்.