டேங்க் நிறையாமலே நாசில் நின்றுபோனதும், நான் சரி செய்ததும்

பெட்ரோல் போடும்போது நாசில் சும்மா சும்மா ‘டக்’கென்று நின்றது. டேங்கில் பாதிகூட இல்லை. மெதுவாக விட்டால் கொஞ்சம் இறங்கும், அப்புறம் மறுபடியும் ‘டக்’. எந்த பங்க்குக்குப் போனாலும் இதே கதை என்பதால் கோளாறு காரில்தான்.

காலி டேங்க் என்பது காலியே இல்லை. பெட்ரோல் இல்லாத இடமெல்லாம் காற்றும் பெட்ரோல் ஆவியும் மூலைமுடுக்கு விடாமல் பரவியிருக்கும். 40 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் பெட்ரோல் இருந்தால் மீதி 30 லிட்டரும் வாயுதான். அது வெளியேற வழியில்லாமல் இன்னும் 15 லிட்டர் ஊற்ற முடிந்தால், வாயுவுக்கான இடம் பாதியாகிவிடும்; இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்ற பாயில் விதிப்படி உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அவ்வளவு தூரம் போகவே போகாது. அழுத்தம் லேசாகக் கூடியதுமே பெட்ரோல் வாய்க்குழாயில் எதிர்த்து ஏறி, நாசில் முனையிலுள்ள குட்டித் துளையை மூடிவிடும். துளை மூடினால் நாசில் நிற்கும். பாவம், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

சரி, காற்று போகும் வழியைப் பார்ப்போம் என்று, எஞ்சின் ஆறியதும் காற்றோட்டமான இடத்தில் வைத்து, கேனிஸ்டரின் (டேங்கிலிருந்து வெளியேறும் காற்றிலுள்ள பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும், கரி நிரப்பிய டப்பா) வெளிக்குழாயைக் கழற்றினேன். முனையில் மண்ணும் சிலந்திக்கூடும் கெட்டியாக அடைத்திருந்தன. சுத்தம் செய்து மாட்டினேன். குழாயில் கரித்துகள் எதுவும் வரவில்லை என்பதால் கேனிஸ்டரை மாற்றவில்லை.

இப்போது முழு வேகத்தில் இறங்குகிறது. நாசில் தானாக நின்றபின் கூடுதலாக ஊற்ற விடுவதில்லை. வழியும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி ஊறிக் கெட்டுவிடும்.