ஈர்ப்பு: எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

ஈர்ப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் கவர்ச்சி என்று எழுதுவதுதான் இந்தச் சொல்லைச் சுற்றி நடக்கும் தவறுகளில் பெரியது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அகராதி சொல்லும். சரி, உடன் வேலை செய்யும் பெண் ஒருவர் நன்றாக உரையாற்றினார் என்பதற்காக “உங்கள் கவர்ச்சி எல்லோரையும் கட்டிப்போட்டது” என்று எழுதி அனுப்பிப் பாருங்கள். கவர்ச்சி நடனம், கவர்ச்சிப் படம் என்று திரையுலகம் அந்தச் சொல்லைப் பல காலம் புழங்கிவிட்டது. ஆளைப் பற்றிச் சொன்னால் உடலைப் பற்றிச் சொன்னதாகத்தான் கேட்கும். “உங்கள் பேச்சு எல்லோரையும் ஈர்த்தது” என்றால் வம்பில்லை. பொருளுக்கும் திட்டத்துக்கும் கவர்ச்சி பொருந்தும், ஆனால் அங்கேயும் லேசான சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘கவர்ச்சித் திட்டம்’ என்று ஒருவர் சொன்னால் உள்ளே சரக்கு குறைவு என்கிறார் என்றே படுகிறது.

கவர் என்ற வினைக்குப் பறித்துக்கொள்வது என்ற பொருள் பழையது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சித் திணை. “நகையைக் கவர்ந்து சென்றனர்” என்று செய்தியில் இன்றும் படிக்கிறோம். ‘நகையை ஈர்த்துச் சென்றனர்’ என்று யாரும் எழுதுவதில்லை. கவர்வதில் பொருள் கைமாறுகிறது. ஈர்ப்பில் இழுப்பு மட்டும்தான், வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை.

அடுத்தது வேற்றுமை உருபு. இது சின்ன விஷயம் போலத் தெரியும், வாக்கியத்தையே கவிழ்த்துவிடும். “அவளுக்கு ஈர்ப்பு இருக்கிறது” என்றால் அவள் மனத்தில் யார்மீதோ ஈர்ப்பு. “அவளிடம் ஓர் ஈர்ப்பு இருக்கிறது” என்றால் மற்றவர்களை இழுக்கும் ஏதோ ஒன்று அவளிடம் உண்டு. “அவனுக்கு அவளிடம் ஈர்ப்பு ஏற்பட்டது” என்று வினையை மாற்றினால் அதே ‘இடம்’ திசை காட்டும் உருபாகிவிடுகிறது. குழப்பம் வரும் என்று தோன்றினால் ‘மேல்’ அல்லது ‘மீது’ போடுங்கள்: அவள்மீது ஈர்ப்பு. யார் இழுக்கிறார், யார் இழுபடுகிறார் என்று முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும்.

காலம் காட்டும்போது இன்னொரு பள்ளம். ஈர் என்ற வினை இரண்டு வகையாக நடக்கும். ஈர்த்தான், ஈர்க்கும் என்றால் இழுப்பது. ஈர்ந்தான், ஈரும் என்றால் அறுப்பது. ரம்பத்துக்கு ஈர்வாள் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நாள் என்பது ஏதோ ஒன்றுபோலக் காட்டி உயிரை அறுக்கும் வாள் என்று சொல்லும் 334-ஆம் குறளில் “உயிர்ஈரும் வாளது” என்றுதான் இருக்கிறது. ஆகவே “மனத்தை ஈரும் ஓவியம்” என்று கவித்துவமாக எழுதுகிறவர் ஓவியருக்கு நல்லது செய்யவில்லை. ‘ஈர்க்கும்’ என்றே எழுதலாம்.

ஈர்ப்பைக் காதலுக்கு மாற்றுச்சொல்லாக்குவதும் பொருந்தாது. ஒருவரைப் பார்த்த உடனே ஈர்ப்பு வரலாம், பத்து நிமிடத்தில் போகவும் செய்யலாம். காதலுக்கு அதைவிடக் கொஞ்சம் வேலை அதிகம். மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் சொல்வதால்தான், தன் பாலினத்தவர்மீதே ஈர்ப்பு கொண்டவரைக் குறிக்கும் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற சொல் நன்றாக அமைந்தது. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்பது ஒரு மனிதரைப் படுக்கையோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலை அடுத்து, இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. இன்னும் பழைய சொல்லையே எழுதிக்கொண்டிருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

அறிவியல் எழுதுகிறவர்களுக்கு வேறு தொல்லை. ‘நிலவின் புவியீர்ப்பு விசை’ என்று கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது. புவி என்றால் பூமி. நிலவுக்கு இருப்பது நிலவின் ஈர்ப்பு, பூமியில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ‘ஈர்ப்பு சக்தி’ என்று பேச்சில் சொன்னால் தவறில்லை. பாடத்தில் விசை வேறு, சக்தி வேறு. விண்வெளி நிலையத்தில் ‘ஈர்ப்பே இல்லை’ என்பதும் சரியில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் 90 சதவீதம் அளவுக்கு இருக்கத்தான் செய்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். அப்புறம், 1687-இல் வெளியான நியூட்டனின் ஈர்ப்பு விதி நிறையையும் தூரத்தையும் பற்றியது. நினைத்தால் பணம் வரும் என்று சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்லும் ‘ஈர்ப்பு விதி’ பெயரை மட்டும்தான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

எழுத்துப்பிழைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ‘ஈர்பு’ தவறு, ‘ஈற்ப்பு’ அதைவிடத் தவறு. ற் அடுத்து இன்னொரு மெய் எழுத்து வராது. ‘ஈர்க்கபட்டேன்’ என்பதில் ஒரு ப் விடுபட்டிருக்கிறது: ஈர்க்கப்பட்டேன்.

கதை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். “எனக்கு உன்மீது ஈர்ப்பு ஏற்பட்டுவிட்டது” என்று பாத்திரம் வாய் திறந்து சொன்னால் விண்ணப்பம் கொடுப்பதுபோல் இருக்கிறது. ஈர்ப்பு எழுத்தில் வாழும் சொல். கதைசொல்லி சொல்லட்டும், கட்டுரையாளர் சொல்லட்டும். பேச்சில் “உன்னைப் பிடிச்சிருக்கு” என்பார்கள். அதற்கும் தைரியம் வராதவர்கள் “அவன்மேல ஒரு இது” என்று இழுப்பார்கள், கேட்கிற தோழிக்கு அதுவே போதும்.